தாய்மாமன் மடியும் வீ.பி.என். பெட்டியும்

போன கிழமை எனக்கும் என் லப்டொப்புக்கும் பேச்சு முறிந்தது.

நான் அதைப் பார்த்து, “நாசமாப் போவாய்!” என்றேன். அது என்னைப் பார்த்து, “சேர்வர் பதிலளிக்கவில்லை” என்றது. நான் வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். அது அந்த ஒரே வசனத்தையே திருப்பித் திருப்பிச் சொன்னது. சண்டையில் இப்படி ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறவர்களை வெல்லவே முடியாது. கல்யாணம் கட்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை செய்கிறவள் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிற கப்பலுக்குத் தண்ணீர், மரக்கறி, டொக்டர், கடிதம், கையெழுத்து என்று என்ன வேண்டுமானாலும் கரையில் ஓடித் திரிந்து முடித்துக்கொடுப்பது எங்கள் பிழைப்பு. எங்களுடைய கடிதங்கள் எல்லாம் அலுவலகத்துக்குள் இருக்கிற ஒரு சிஸ்டத்தில்தான் பிறக்கும். வெளியில் இருந்து அதற்குள் யாரும் நுழைய முடியாது.

நுழைய ஒரே ஒரு வழி உண்டு — வீ.பி.என்! வீட்டில் இருந்தபடியே அலுவலகத்துக் கொம்பியூட்டருக்குள் போவதற்கு இன்டர்நெற்றுக்கு உள்ளால் வெட்டிவைத்த கள்ளப் பாதை. முதலாளியே வெட்டித் தந்த பாதை என்பதால் களவு என்று சொல்ல முடியாது. பாஸ்வேர்ட் போட வேண்டும், போனுக்கு வருகிற இலக்கத்தைப் போட வேண்டும், கதவு திறக்கும்.

அன்றைக்குத் திறக்கவில்லை. அன்றைக்கென்று பார்த்துத்தான் திறக்கவில்லை!

நேரே அலுவலகத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிப் போவது? நவராத்திரி. எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூசை என்றால் அது பவானி அக்காவின் ராச்சியம். மற்ற நாட்களில் அவர் கணக்குப் பார்க்கிறவர். நவராத்திரியில் முதலாளிக்கும் அவர்தான் முதலாளி. எங்கள் ஐயருக்கு அந்தக் கிழமை முழுக்க ஊரெல்லாம் வாணி விழா. அவருக்குக் கிடைத்த ஒரே இடைவெளியில், ஒரு நாள் முந்தியே பின்னேரம் வந்து பூசையை முடித்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வருவது விஜயதசமி காலையில். அதுவரைக்கும் பூசையில் வைத்த எதையும் எவரும் தொடக்கூடாது.

நடுவில் ஒரு முழு வேலை நாள்! முதலாளி வாயே திறக்கவில்லை. தூக்கக்கூடிய சாமான் எல்லாவற்றையும் கும்பத்துக்கு முன்னால் தூக்கி வைத்து, தூக்க முடியாத சேர்வருக்கு இருந்த இடத்திலேயே பொட்டு வைத்து, மற்றக் கொம்பியூட்டர்களை வெள்ளைத் துணியால் மூடி, கதவைப் பூட்டி, திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அன்புவழிபுரத்தில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்விட்டார் பவானி அக்கா.

நான் மட்டும் கெட்டிக்காரி இல்லையா? லிங்கநகரில் என் வீட்டில், என் சொந்த லப்டொப்பில், வீ.பி.என். வழியாகப் போனால் சரஸ்வதிக்கும் தெரியாது, பவானி அக்காவுக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். அவசரம் ஒன்றும் இல்லாத நாளாக இருந்திருந்தால் அந்தக் கணக்கும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் காலையிலேயே செல்வத்தின் வொய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது.

செல்வம் என்பவர் உட்துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நின்ற சரக்குக் கப்பலின் சமையல்காரர். தூத்துக்குடி ஆள். ஒப்பந்தம் முடிந்தும் இறங்கக் கிடைக்காமல் கப்பலிலேயே உலைவைத்துக்கொண்டிருந்தவர். அவருக்குப் பதில் ஆள் வந்துவிட்டார், அவரை இறக்கலாம் என்று கப்பல் சொந்தக்காரர்கள் அன்றைக்குக் காலையில்தான் சம்மதம் சொன்னார்கள். மறுநாள் விடிய கப்பல் புறப்படுகிறது. இன்றைக்கு இறங்காவிட்டால் இன்னும் இரண்டு மாதம் கடல்தான்.

“மேடம், இன்னைக்கு எறங்கிருவேம்லா?” குரலில் அப்படி ஒரு சந்தோஷம், அப்படி ஒரு பயம். “நாளக்கழிச்சு எங்கக்கா மவளுக்குக் காதுகுத்து மேடம். ஏற்கெனவே ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு. மாமன் மடியில வச்சுத்தான குத்தணும்? நான் ஒருத்தன்தான் மாமன். புள்ள வளந்துக்கிட்டே போவுது… இன்னும் தள்ளுனா அது எம் மடியில இருக்காது, என்னயத் தூக்கி அது மடியில வச்சுக்கும்.”

செல்வம் இறங்க வேண்டும் என்றால் எங்கள் ஏஜென்சியின் கடிதம் குடிவரவு அதிகாரிக்கு மெயிலில் போக வேண்டும். அவர் நாலு மணி வரைக்கும் இறங்குதுறையில் இருப்பார். அதற்குப் பிறகு அவரும் மனிதர்தானே, வீட்டுக்குப் போவார். நான் பெரிய ஆள் மாதிரி, “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, செல்வம். மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தாறன்” என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டுத்தான் லப்டொப்பைத் திறந்தேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

கிண்ணியாவில் இருக்கிற றிஸ்வானுக்குக் கோல் எடுத்தேன். எங்களைப் போல நாலைந்து கொம்பனிகளின் கொம்பியூட்டர் வருத்தங்களை வீட்டில் இருந்தபடியே பார்க்கிற வைத்தியர் அவர். இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன். பின்னால் எப்போதும் ஒரு பிள்ளை அழும், அது ஓய்ந்தால் சேவல் கூவும்.

“அக்கா, ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.”

பண்ணினேன். கோயிலுக்குப் போனால் திருநீறு, ஐ.ரி. காரரிடம் போனால் ரீஸ்டார்ட்! வாங்காமல் வர முடியாது.

“வரேல்ல தம்பி.”

“பாஸ்வேர்ட் காலாவதியாகியிரிக்கும். மாத்துங்க.”

மாற்றினேன். பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று, மனிதர் வாயால் சொல்ல முடியாத குறி ஒன்று. பழைய பாஸ்வேர்ட் போல இருக்கக் கூடாதாம். எனக்கே ஞாபகம் இல்லாத பழைய பாஸ்வேர்டை அது மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது!

அதற்கும் சேர்வர் பதிலளிக்கவில்லை.

“வைஃபை பிழையா இரிக்கும். போன் டேட்டால போட்டுப் பாருங்க.”

போன் சிக்னல் என் வீட்டுக்குள் வராது. மொட்டைமாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், லப்டொப்பை இடது கையிலும் போனை வலது கையிலும் பிடித்துக்கொண்டு, தலையில் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு மனிசி உடுப்புக் காயப்போட வந்தவ, என்னைப் பார்த்துவிட்டு, நனைந்த உடுப்போடேயே இறங்கிப் போய்விட்டா. அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்தில் ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டுக்குள் செல்வத்தின் கப்பல் நின்றது. ‘பார், பார், நல்லாப் பார்’ என்று சொல்வது போல நின்றது.

மத்தியானமும் வந்தது. செல்வத்தின் மெசேஜும் வந்தது. “மேடம், பேக் பண்ணிட்டேன். புது ஆளுக்கு அடுப்பையும் ஒப்படச்சாச்சு.”

அடுப்பையும் ஒப்படைத்துவிட்டாராம்! நான் திரும்பவும் றிஸ்வானுக்குக் கோல் எடுத்தேன்.

றிஸ்வான் இப்போது தூரத்தில் இருந்தே என் லப்டொப்புக்குள் புகுந்து மௌஸை அங்கும் இங்கும் ஓட்டினார். வீ.பி.என். மென்பொருளைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். அம்பு போல ஒன்று திரையில் தானாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார்.

“அக்கா, உங்கட பக்கம் ஒரு பிழையும் இல்ல. ஒஃபிஸ் பக்கம்தான் சத்தம் இல்ல. அங்க அலுமாரிக்கு மேல ஒரு கறுப்புப் பெட்டி இரிக்கி, தெரியுமா? வெளியால இருந்து வாற ஆக்கள அதுதான் உள்ளுக்கு எடுக்கும். அது வேல செய்யுதா?”

“அலுமாரிக்கு மேலயோ? அங்க நான் ஏறிப் பாக்கிறதே இல்லையே தம்பி.”

“பொறுங்க, போட்டோ அனுப்புறன்.”

போட்டோ வந்தது. தட்டையான கறுப்புப் பெட்டி. முன்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். பார்த்த உடனே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தெரிந்த முகம். மிக அண்மையில், மிக நெருக்கத்தில் பார்த்த முகம்…

அலுவலகத்து வட்ஸ்அப் குறூப்பைத் திறந்தேன். பவானி அக்கா பூசைப் படம் போட்டிருந்தார். பெரிதாக்கினேன். நடுவில் கும்பம். இடப்பக்கம் கல்குலேட்டர், ஸ்டேப்ளர், றப்பர் சீல்கள், முதலாளியின் தூரக்கண்ணாடி. வலப்பக்கம் அவல், கடலை, ஒரு சீப்பு வாழைப்பழம். அவலுக்கும் வாழைப்பழத்துக்கும் இடையில் கறுப்புப் பெட்டி! மூன்று குறித் திருநீறு, பெரிய சந்தனப் பொட்டு, அதற்கு மேல் குங்குமம், செவ்வந்தி மாலை. பின்னால் மருந்துக்கும் ஒரு வயர் இல்லை.

அந்தப் பொட்டை வைத்தது யார் என்று கேளுங்கள். நான்தான்! ஒவ்வொரு வருடமும் பொட்டு என் பொறுப்பு. வரிசையாக வைத்துக்கொண்டு போனவள், எது என்ன என்று பார்த்தேனா?

படத்தில் பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு றிஸ்வானுக்கு அனுப்பினேன். அந்தப் பக்கம் சேவல் கூவியது.

“அக்கா… இதுக்கு மாலை போட்டிரிக்கு.”

“ஓம் தம்பி.”

“மௌத்தாப் போன ஆக்கள்ற படத்துக்குத்தானே உங்கட ஆக்கள் மாலை போடுற?”

“இது அந்த மாலை இல்லை தம்பி!”

லப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அன்புவழிபுரம் வரைக்கும் எந்தப் பள்ளத்தையும் விடவில்லை, எல்லாவற்றிலும் விழுந்து எழும்பித்தான் போனேன்.

பவானி அக்கா குசினியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

“அலுமாரிக்கு மேல தூசி பிடிச்சுக் கிடந்தது, வசந்தி. வருசம் முழுக்க மினுக் மினுக் எண்டு வேலை செய்யுது. ஒருத்தரும் அதுக்கு ஒரு பூ வைச்சதில்லை. எனக்குப் பாவமாக் கிடந்தது. கழட்டித் துடைச்சு வைச்சனான். அதில என்ன பிழை?”

“பிழை இல்லை அக்கா. திறப்பைத் தாங்கோ, எடுத்துக் கொழுவிப்போட்டு வாறன்.”

“உனக்கென்ன விசரோ? ஐயர் வந்து பூசையை முடிக்காமல் வைச்சதை எடுக்கிறதோ? ஏலாது.”

“கப்பல்காரருக்குக் கடிதம் வேணும் அக்கா.”

“நாளைக்குக் குடு.”

“முதலாளி ஏசுவார்.”

“அவரை என்னோட கதைக்கச் சொல்லு.”

“அந்தச் சமையல்கார மனிசன் ஊருக்குப் போற பிளைட் போயிடும்!”

“அடுத்த பிளைட் வரும்.”

கடலையைத் திருப்பிப் போட்டார். கதை முடிந்தது என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகைதான், ஆனாலும் அழுகை.

“அக்கா, நாளையிண்டைக்கு அவற்ற தமக்கைன்ர பிள்ளைக்குக் காதுகுத்து. ரெண்டு தரம் தள்ளிப் போட்டவை. இவர்தான் தாய்மாமன். வேற ஆளில்லை. அடுப்பையும் புது ஆளிட்டக் குடுத்துப்போட்டு, பையைக் கட்டி வைச்சுக்கொண்டு நிக்கிறார்!”

பவானி அக்கா கேஸ் அடுப்பை நிறுத்தினார்.

“என்னது? தாய்மாமன் இல்லாமல் காது குத்தப்போகினமோ?”

“நாங்கள் கடிதம் குடுக்காட்டி, வேற என்ன செய்யிறது?”

“ஆற்ற மடியில இருத்துவினம்?”

“எனக்கென்ன தெரியும் அக்கா!”

“சும்மா நிண்டு கத்தாதை. ஸ்கூட்டியைத் திருப்பு.” கையைத் துடைத்துக்கொண்டே கைப்பையை எடுத்தார். “ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன். பெட்டியை எடுக்கக் கூடாது. அசைக்கவும் கூடாது. இருந்த இடத்திலயே வேலை செய்யட்டும். கும்பத்துக்கு முன்னால விளக்கு எரியுதுதானே? அதுவும் வேலைதானே?”

இந்த நியாயத்தை நான் மூன்று நாள் யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். பிளைட், முதலாளி, கப்பல் எல்லாவற்றையும் ஒரு கரண்டியால் ஒதுக்கித் தள்ளிய மனிசியை ஒரு தாய்மாமன் மடி அசைத்துவிட்டது. ஒரு சம்பிரதாயத்தை அசைக்க இன்னொரு சம்பிரதாயத்தால்தான் முடியும் போலிருக்கிறது. முதலே தெரிந்திருந்தால் காலையிலேயே காதுகுத்தில் தொடங்கியிருப்பேன்!

அலுவலக வாசலில் பூசைக்குக் கட்டியிருந்த வாழையை ஒரு மான் தின்றுகொண்டு நின்றது. தெருவில் மாடு மாதிரித் திரிகிற எங்கள் ஊர் மான்களுக்குக் கூச்சம் கிடையாது. பவானி அக்கா, “போ சனியனே!” என்றார். அது இன்னொரு வாய் கடித்துவிட்டுத்தான் போனது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வீடியோ கோலில் றிஸ்வான்.

“அம்மா, நான் இதப் பார்க்கலாமா?” என்று தயங்கிக் கேட்டார்.

“நல்லாப் பாருங்கோ தம்பி. சரஸ்வதிக்கு உங்களிட்ட ஒளிக்க ஒண்டும் இல்லை.”

நீள எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றைச் சுவரில் இருந்து கும்பம் வரைக்கும் இழுத்தோம். அலுமாரிக்கு மேல் அநாதையாகத் தொங்கிய நெட்வேர்க் வயர்களுக்குப் பதில், ஸ்டோரில் கிடந்த நீள வயர்களைக் கொண்டுவந்தோம்.

“நீல வயர முதலாவது ஓட்டைக்குள்ள போடுங்க.”

போட்டேன். போகவில்லை. அழுத்தினேன். போகவில்லை.

“என்ன அக்கா அடைச்சிரிக்கு?”

சந்தனம்! முதல் நாள் நான் வைத்த பொட்டு, ஓட்டைக்குள் இறங்கி, காய்ந்து, சீமெந்து போல நின்றது.

“பொட்டை நெத்தியில வைக்கிறதோ, வாய்க்குள்ள வைக்கிறதோ?” என்று பவானி அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு ஊதுபத்தியின் குச்சிப் பக்கத்தை எடுத்து, பல் வைத்தியர் மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுரண்டத் தொடங்கினார். றிஸ்வான் அங்கிருந்து, “பைய அம்மா, பைய… உள்ளுக்குக் கம்பி இரிக்கி” என்று பதறினார். எனக்கோ கண் முழுக்கச் சுவர் மணிக்கூட்டில். மூன்றரை தாண்டிவிட்டது.

வயர் ‘டிக்’ என்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டோம். சிவப்பு எரிந்தது. மஞ்சள் எரிந்தது. மஞ்சளிலேயே நின்றது… நின்றது… பச்சை! பவானி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையைச் சொன்னால் நானும் கும்பிட்டேன்.

என் மேசைக்கு ஓடிப் போய்க் கொம்பியூட்டர் துணியில் கை வைத்தேன்.

“தொடாதை!”

“அக்கா!”

“அது பூசையில இருக்குது. உன்ர லப்டொப் பூசையில இல்லை. அதில செய்.”

வாதாட நேரம் இல்லை. விருந்தாளிகள் இருக்கிற கதிரையில் உட்கார்ந்தேன். அலுவலகத்து இன்டர்நெற்றும் பூசையில் சேர்த்தியாம். ஆகவே போன் டேட்டாவைப் போட்டேன். பாஸ்வேர்ட், போனுக்கு வந்த இலக்கம்… நான் அனுப்பியது எந்தக் கோபுரத்துக்கு ஏறி எந்த ஊரைச் சுற்றியதோ, காலை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் இருந்த பெட்டிக்கு வந்து கதவைத் தட்டியது. அலுவலகத்துக்குள் இருந்துகொண்டே தூரத்தில் இருந்து அலுவலகத்துக்குள் நுழைந்த முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்!

கடிதம் பிறந்தது. மெயில் போனது. அதிகாரி புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய பதில் வந்தது: சரி, ஆளைக் கொண்டுவாருங்கள்.

படகு போய் வந்தது. இறங்குதுறையில் நானும் பவானி அக்காவும் நின்றோம். பெரிய பையும், வெயிலில் கறுத்த முகமுமாகச் செல்வம் ஏறி வந்தார். கரையில் கால் வைத்த பிறகும் கொஞ்சம் ஆடினார். கடல் இன்னும் காலில் இருந்தது.

பவானி அக்கா அவல் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்தார். “பிள்ளை துள்ளும். குத்தேக்க தலையை இறுக்கிப் பிடியுங்கோ, என்ன?”

“சரிங்கம்மா.” கண் கலங்கியிருந்தது அவருக்கு. பிறகு என்னிடம், “என்ன மேடம் ப்ராப்ளம்? சிஸ்டம் தொங்கிட்டா?” என்றார்.

“தொங்கேல்ல செல்வம். சாமி கும்பிட்டுக்கொண்டு இருந்தது.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. மிக மரியாதையாகத் தலையை ஆட்டினார். “எங்க கப்பல்லயும் இஞ்சினுக்குப் பொட்டு வைப்போம் மேடம். ஆனா… ஆஃப் பண்ண மாட்டோம்லா?”

பவானி அக்கா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விஜயதசமி காலையில் ஐயர் வந்தார். கும்பத்துக்கு முன்னால் மினுங்கிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், அதற்கும் சேர்த்துத் தீபம் காட்டினார். பூசை முடிந்து பெட்டியை அலுமாரிக்கு மேல் ஏற்றி, பழைய வயர்களையே பூட்டினோம். சந்தனத்தைத் துடைக்கலாமா என்று றிஸ்வானுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“ஐயோ அக்கா, வேண்டாம்! வேல செய்யுதுதானே? வேல செய்யிற பெட்டியில கை வைக்கவே கூடாது.”

தொடக்கூடாது என்று சொல்வது ஐயரும் பவானி அக்காவும் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். ரீஸ்டார்ட் பண்ணு, முப்பது விநாடி பொறு, வேலை செய்தால் தொடாதே… இவை மட்டும் என்ன, அறிவியலா?

மறுநாள் பின்னேரம் செல்வத்திடம் இருந்து ஒரு படம் வந்தது. மொட்டை அடித்து, சந்தனம் பூசி, வாயைப் பிளந்து அலறுகிற ஒரு பெண்பிள்ளை. இரண்டு காதிலும் பொட்டுப் பொன். அதை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற செல்வம், பிள்ளையை விடப் பெரிதாக அழுதுகொண்டிருந்தார்.

படத்தைப் பவானி அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, வெகு நேரம் பார்த்தார். பெரிதாக்கிக் காதைப் பார்த்தார். மாமன் மடியைப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்:

“வாற வருசமும் அந்தப் பெட்டியைப் பூசைக்கு வைப்பம், வசந்தி. ஆனா… வயரோட வைப்பம்.”